கூலியைப் பேசாத பிரசங்கம்

கிறிஸ்தவத்துக்குப் போன தலித்துகளின்மீது வீசப்படும் பழைய வசை ஒன்று உண்டு: கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறியவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள காலனிகளுக்கும் அது புதிதல்ல. அதே மக்கள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனால், பணத்தின்மேல் ஆசை வைக்காதே என்று பிரசங்கம். அடுத்த பத்து நிமிடத்தில், தசமபாகம் கொடுத்தால் வரும் ஆசீர்வாதம். வெளியே ஆசைப்பட்டதாகக் குற்றச்சாட்டு, உள்ளே ஆசைப்படாதே என்ற அறிவுரை. கான்ட்ராக்டர் பிடித்துவைத்திருக்கும் கூலியைப் பற்றிய பேச்சு மட்டும் இரண்டு இடத்திலும் அரிது.

விவிலியம் அதைத்தான் அதிகம் பேசுகிறது. ஏழையின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம். பிடித்துவைத்த கூலியே கடவுளிடம் முறையிடும் என்று பணக்காரர்களை எச்சரிக்கிறது யாக்கோபின் நிருபம். வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகுதான் இயேசு அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக அறிவிக்கிறார். திராட்சத்தோட்ட உவமையில், மாலைவரை வேலை கிடைக்காமல் சந்தைவெளியில் நின்றவர்களுக்கும் முழுநாள் கூலி. அங்கே வேலைநேரம் வேறு, கூலி ஒன்று. இங்கே ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளியும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரே இயந்திரத்தில் ஒரே ஷிப்டில் நின்றாலும் கூலி வேறு. இந்த உவமையை மோட்சத்தைப் பற்றியது என்று மட்டும் விளக்குவது யாருக்கு வசதி?

இந்த மண்ணுக்கு இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய திருவள்ளூர் மாவட்டம் செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்தது. மிஷனரிகளில் பலர், சோற்றுக்காக வருகிறார்களோ என்று சேரி மக்களைச் சந்தேகித்தார்கள். ஆனால் திருவள்ளூரில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி போன்றவர்கள், பறையர்களின் நிலமின்மையையும் அடிமைத்தனத்தையும் வெளிப்படையாக எழுதினார்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீரின் 1891 அறிக்கையும், அதையொட்டி 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் அந்தக் காலத்தின் விளைவுகள். அன்று நிலம் கேட்டதைப் பேராசை என்று யாராவது சொல்ல முடியுமா?

அரசும் இதே சந்தேகத்தோடுதான் நடந்துகொள்கிறது. சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை எனச் சொல்லி, 1985இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. அடிப்படையாக நின்றது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. அதில் 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. கிறிஸ்தவரானதால் பணம் வந்தது என்கிறது வசை. கிறிஸ்தவரானதால் ஒரு பெட்டிக்கடையைக்கூட இழந்ததைச் சொல்கிறது வழக்கு.

கடனுக்கு வருவோம். ஏழாண்டுக்கு ஒருமுறை கடனைத் தள்ளச் சொல்கிறது உபாகமம். யூபிலி ஆண்டில் நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும் என்கிறது லேவியராகமம். நம்முடைய 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் கொத்தடிமைக் கடனைச் செல்லாது என்கிறது. ஆனாலும் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் அட்வான்ஸ் வாங்கிய இருளர் குடும்பங்கள் மீட்கப்படுவது இன்னும் செய்தியாக வருகிறது. மீட்பைப் பிரசங்கிக்கும் சபைக்கு இதைவிட நேரடியான வேலை எது?

சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் போன்றோர் தலித் இறையியலை வளர்த்தார்கள். அது வகுப்பறையிலிருந்து பிரசங்க மேடைக்கு வர வேண்டும். முதலில் சபைகள் தங்கள் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் துப்புரவுத் தொழிலாளிக்கு எவ்வளவு கூலி தருகின்றன என்று வெளியிடட்டும். காணிக்கைக் கணக்கு வாசிக்கும் அதே இடத்தில் அதையும் வாசிக்கட்டும்.

முற்போக்குத் தோழர்களுக்கும் ஒன்று. பால் பவுடர் நகைச்சுவைக்கு நாமும் சிரித்திருக்கிறோம். பசித்தவன் சோறு கேட்டதை இழிவாகப் பார்ப்பது பகுத்தறிவு அல்ல, சாதி. பணம் வேண்டும் என்று தலித் கேட்டால், அது கூலி பாக்கி. பாக்கியைக் கேட்பவனிடம் ஆசையைப் பற்றி உபதேசம் செய்ய யாருக்கும் உரிமையில்லை.