புழுதியின் விலை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் வான் மலைத்தொடரின் உயரத்து ஏரிகளில் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து ஆராய்ந்தவர்கள் 2008-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக அதிகம் கூடாமல் குறையாமல் படிந்துவந்த புழுதி, 19-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ ஐந்து மடங்காகிவிட்டிருந்தது.

ரயில் வந்த காலம் அது. 1869-ல் கண்டத்தின் குறுக்கே ரயில்பாதை முடிந்ததும் மேற்கத்திய மாட்டிறைச்சிக்கும் கம்பளிக்கும் கிழக்கே சந்தை திறந்தது. வறண்ட புல்வெளிகளில் லட்சக்கணக்கான கால்நடைகள் இறங்கின. பெரும்பகுதி அரசு நிலம், கேட்க ஆளில்லை. முந்தியவனுக்குப் புல்.

என்ன போயிற்று என்பது குனிந்து பார்த்தால்தான் தெரியும். புதருக்கும் புதருக்கும் நடுவே, வெறும் மண் என்று நாம் நினைக்கும் இடத்தில் கறுத்த, கரடுமுரடான பொருக்கு ஒன்று இருக்கும். நீலப்பச்சைப் பாசியும் கல்பாசியும் சேர்ந்து கட்டியது அது. பாசியின் நுண்ணிழைகள் மண்துகள்களைப் பின்னிப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்து கிடக்கும்போது ஒரு குளம்பு பட்டால் போதும், அப்பளம்போல் நொறுங்கும்; பிடிவிட்ட மண் காற்றில் மலைக்குப் போகும். பொருக்கு மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கொலராடோ பீடபூமியின் இந்த வறண்ட நிலத்தில் காட்டெருமைக் கூட்டங்கள்கூட அதிகம் நடமாடியதில்லை. மிதிபட்டுப் பழகாத மண்.

1934-ல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. அரசு நிலத்தில் மேய்க்க அனுமதியும் கட்டணமும் கட்டாயமாயின. அதன்பின் ஏரிகளில் புழுதி குறைந்ததையும் அதே சேறு காட்டுகிறது. ஆனால் பழைய அளவுக்கு இறங்கவில்லை.

கட்டுப்பாட்டின் அடி எல்லார் மீதும் ஒரே மாதிரி விழவுமில்லை. கொலராடோ ஆற்றில் எழும்பிக்கொண்டிருந்த பெரிய அணையில் வண்டல் சேர்ந்துவிடும் என்ற அச்சத்தில், பூர்வகுடிகளான நவஹோ மக்களின் மந்தைகளைக் குறைக்க அரசு இறங்கியது. அவர்கள் நிலமும் அதிகம் மேயப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் ஆடுதான் அவர்களுக்குச் சொத்து. பல மந்தைகள் பெண்களுடையவை. ஆயிரக்கணக்கான வெள்ளாடுகள் சுடப்பட்டு அப்படியே அழுக விடப்பட்டன. வெள்ளைப் பண்ணையாருக்கு அனுமதிச் சீட்டு, நவஹோ மூதாட்டிக்குத் துப்பாக்கிச் சத்தம். இதை மண் பாதுகாப்பு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

புழுதி இப்போதும் மலையில் விழுகிறது. மேய்ச்சல் மட்டுமே காரணமல்ல. உழவும் வண்டித்தடங்களும் சுரங்கங்களும் உண்டு. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், அழுக்குப் பனி உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பனி வாரக்கணக்கில் முன்னதாகவே உருகி, நிலமும் செடியும் அதிக நாள் வெயிலில் கிடந்து நீரை ஆவியாக விடுகின்றன. இப்படிக் கொலராடோ ஆறு ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீத நீரை இழக்கிறது என்று 2010-ல் வெளியான ஆய்வொன்று கணித்தது. நெவாடா மாநிலத்துக்கு ஒதுக்கிய பங்கைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

மேய்ச்சல் கட்டணமோ அடிமாட்டு விலை. பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய, பல ஆண்டுகள் 1.35 டாலர்தான். 2004 நிதியாண்டில் மேய்ச்சல் நிர்வாகத்துக்கு அமெரிக்க அரசு செலவிட்டது குறைந்தது 14.4 கோடி டாலர், வசூலானது சுமார் 2.1 கோடி. அந்தச் செலவில் ஆற்றுநீர் சேர்க்கப்படவில்லை.