தில்லையைக் காணாமல் திரும்புகின்றோம்!



ஆண்டுதோறும் தில்லைக்குச் செல்வோர் எண்ணிறந்தோர். அவருள் தில்லையைக் கண்டு திரும்புவோர் எத்துணைப் பேர்? இவ்வினா சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ‘நான்கு கோபுரங்களையும் சுற்றி வந்தோம், பொன்னம்பலத்தின் முன் நின்றோம், இன்னும் காண என்ன உளது?’ என்று கேட்பர். யாம் வினவுவது கோயிலைப் பற்றியன்று. அவ்வூர்க்குப் பெயர் ஈந்த பொருளைப் பற்றி. தில்லை என்பது ஒரு மரம். அம் மரம் அடர்ந்த காட்டிடையே எழுந்தமையால் அவ்வூர் தில்லையாயிற்று. ஊரைக் காணச் சென்று, அவ்வூர்ப் பெயரின் பொருளைக் காணாமல் திரும்புவது, ஒருவர் வீட்டிற்குச் சென்று விருந்துண்டு, அவர் யாரென்று கேளாமலே வந்துவிடுவதை ஒக்கும்.

அண்மையில் கடலூரிலிருந்து மாணவர் சிலருடன் ஒரு நாட்செலவாகத் தென்புறம் புறப்பட்டோம். முற்பகல் கோயில், பிற்பகல் பிச்சாவரம். எவர் அச்சிட்டது என்று சொல்ல வேண்டாத ஒரு வழிகாட்டித் தாள் கையில் இருந்தது. அதில் கோயிலுக்கு ஒரு பக்கம். அலையாத்திக் காட்டிற்கு ஒரு பக்கம். இரண்டிற்கும் உள்ள உறவைக் குறித்து ஒரு சொல்லேனும் இல்லை. 1975-இல் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படம் அங்கு எடுக்கப்பெற்றது என்பது மட்டும் மறவாமல் எழுதப்பட்டிருந்தது.

படகு கால்வாயின் ஓரமாகச் சென்றபோது, மாணவன் ஒருவன் எட்டிக் கிளையொன்றைப் பற்றினான். துடுப்பு வலித்துக்கொண்டிருந்த முதியவர், “ஒடிக்காதே தம்பி! அது தில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்” என்று தடுத்தார். “தில்லையா? சிதம்பரத்தைத் தில்லை என்கின்றார்களே, அந்தத் தில்லையா தாத்தா?” என்றான் அவன். “அதே தில்லைதான் தம்பி. இங்கே வந்துதான் நீ அதைப் பார்க்க முடியும்” என்றார் அவர்.

அன்று முற்பகல் முழுதும் கோயிலில் யாம் அம் மாணவர்க்குச் சொல்லாததை, எழுத்தறிவு மிகுதியும் பெறாத அப் பெரியவர் ஒரு நொடியில் சொல்லி முடித்தார். யாமும் இருபதாண்டுகளாகத் தில்லைக்குச் சென்று வருபவரே. நூலில் படித்த தில்லை மரத்தை அன்றுதான் முதன்முறையாகக் கண்ணாற் கண்டோம். ஆகலின் ஈண்டு எழுதுவது பிறரைப் பழித்தற்கன்று. எம்மையும் உள்ளிட்டே குறை கூறுகின்றோம்.

தில்லை, உவர்நீர்க் கழியின் ஓரங்களில், பெரும்பாலும் நிலத்தையொட்டிய பக்கத்தில் வளர்வது. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. இலை உதிருமுன் செந்நிறம் கொள்ளும். ஒடித்தால் வெண்பால் ஒழுகும். அறிவியலார் அதற்கு இட்ட இலத்தீன் பெயரிலும் ‘கண்ணைக் குருடாக்குவது’ என்னும் பொருளே உள்ளது. இன்று சிதம்பரம் நகர்க்குள் தில்லைக்காடு இல்லை. தில்லைக்காளி கோயிலின் பெயரில் அச் சொல் வாழ்கின்றது. காடோ கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, பிச்சாவரத்தில் வாழ்கின்றது. கழிக்காடு ஒரு காலத்தில் ஊர்வரை பரந்திருந்தது என்பதற்கு ஊர்ப்பெயரே சான்றாய் நிற்கின்றது. கோயிலும் காடும் இரண்டு காட்சிகள் அல்ல. ஒரே பெயரின் இரு முனைகள். அப் பெயர் என்னும் கயிற்றை அறுத்துவிட்டு, ஒரு முனையில் கும்பிட்டும் மறுமுனையில் படகேறியும் மகிழ்கின்றோம்.

யாம் சொல்ல வந்தது இதுவே: இந் நிலத்தைக் காண்பதற்கு முதல் வழிகாட்டி இதன் ஊர்ப்பெயர்களே. பெயரை அறியாதவன் கல்லையும் நீரையும் காண்பான், நாட்டைக் காணான்.

கடலூரையே எடுத்துக்கொள்வோம். ‘கூடலூர்’ என்பதே அதன் பழம்பெயர் என்பர். ஆறுகள் கூடிக் கடல் சேரும் இடமாதலின் அப் பெயர் பொருத்தமானதே. கெடிலக் கரையில் நின்று பார்ப்பவனுக்கு அவ்வூர் ஏன் அங்குத் தோன்றிற்று என்பதை அப் பெயரே உரைத்துவிடும். அந் நகரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரும் தில்லையைப் போலவே மரத்தால் பெயர் பெற்றது. பாதிரியே அத் திருக்கோயிலின் மரம். இன்று தொடர்வண்டி நிலையப் பலகையில் அப் பெயரைப் படிப்போர் பலர். பாதிரிப் பூவைக் கண்டோர் சிலர். அங்குப் பண்டு சமணப் பள்ளி சிறந்திருந்தது. நாவுக்கரசர் தம் இளமையில் தருமசேனர் என்னும் பெயருடன் அப் பள்ளியில் இருந்தார் என்பது வரலாறு. கி.பி. 458-இல், காஞ்சியில் சிம்மவர்மன் ஆண்ட காலத்தில், உலோகவிபாகம் என்னும் சமண நூல் எழுதப்பட்ட பாடலிகை என்னும் ஊர் இதுவே என்று அறிஞர் கொள்வர். பின்னாளில் அவரைக் கல்லில் பிணித்துக் கடலில் இட, அக் கல்லே தெப்பமாகிக் கரை சேர்ந்தார் என்னும் செய்தியைக் கரையேறவிட்ட குப்பம் என்னும் சிற்றூர் இன்றும் தன் பெயரில் தாங்கி நிற்கின்றது. நூலகத்தில் தேட வேண்டியதை ஒரு குப்பத்தின் பெயர் காத்து வைத்திருக்கின்றது!

அந் நகரின் கடற்கரைக்குச் செல்வோரோ, ‘சில்வர் பீச்சுக்குப் போகின்றோம்’ என்பர். ஊர்ப்பெயர் தேவனாம்பட்டினம். பழைய ஆங்கில ஏடுகள் அதனைத் ‘தெக்னாபட்டம்’ என்று சிதைத்தேனும் எழுதின. நாமோ சிதைக்கவும் இல்லை, மறந்தேவிட்டோம். 1690-இல் ஆங்கில வணிகக் குழுவினர் அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்குப் பெற்றனர். பீரங்கியைச் சுட்டுக் குண்டு சென்று விழும் எல்லை வரை உள்ள நிலமும் அவர்க்கே என்பது உடன்பாடு. அவ்வாறு போன ஊர்கள் ‘குண்டு ஊர்கள்’ எனப்பட்டன. உழுதவனைக் கேளாமல், ஒரு குண்டு போன போக்கில் ஊர்கள் கைம்மாறின. 1746-இல் சென்னை பிரெஞ்சியர் வயப்பட்ட பின், 1752 வரை இக் கரையில் ஆங்கிலேயர்க்கு இக் கோட்டையே தலைமையிடம். 1758-இல் இலாலியின் பிரெஞ்சுப் படை அதனைக் கைப்பற்றி இடித்தது. எஞ்சிய இடிசுவர்கள் கெடிலக் கரையில் உள்ளன. கடலலையில் காலை நனைத்துவிட்டுத் திரும்பும் இளைஞனுக்கு, தன் நாடு விலைபோன கதை சில எட்டுத் தொலைவிலேயே கிடக்கின்றது என்பதை யார் சொன்னார்கள்?

மேற்கே சென்றால் விருத்தாசலம். ‘விருத்தம்’ என்றால் முதுமை; ‘அசலம்’ என்றால் மலை. தேவாரம் பாடியோர் நாவில் அவ்வூர் முதுகுன்றம். நல்ல தமிழ்ப்பெயரை வடமொழியில் பெயர்த்து, பெயர்த்ததை வழக்காக்கி, மூலத்தை ஏட்டுக்குள் ஒதுக்கினர். சிற்றம்பலம் என்பதே சிதம்பரம் எனத் திரிந்தது என்பாரும் உளர். வேறு பொருள் கூறுவாரும் உளர். அது நிற்க. முதுகுன்றம் விருத்தாசலமானதில் ஐயத்திற்கே இடமில்லை. அவ்வூர்ப் பெயர்ப்பலகையில் இரண்டாம் வரியாகவேனும் ‘திருமுதுகுன்றம்’ என்று எழுதுவதற்கு என்ன தடை?

பிறர் இட்ட பெயரையெல்லாம் துடைத்தெறிய வேண்டும் என்று யாம் சொல்கின்றோம் என எவரும் மயங்கற்க. பரங்கிப்பேட்டை என்னும் பெயரைப் பாருங்கள். கடல் கடந்து வந்த போர்த்துக்கீசியர் அத் துறைக்குப் ‘புதுத்துறை’ என்னும் பொருளில் ‘போர்ட்டோ நோவோ’ எனத் தம் மொழியில் பெயரிட்டனர். நம் மக்களோ வந்தவன் யார் என்பதையே பெயராக்கிப் ‘பரங்கிப்பேட்டை’ என்றனர். 1781 சூலை முதல் நாள் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதியது அவ்வூரின் அருகேதான். அப் பெயர் வரலாற்றை மறைக்கவில்லை, நினைவூட்டுகின்றது. ஆகலின் அது வாழ்க! உண்மையை மறைக்கும் பெயரோடுதான் நமக்கு வழக்கு.

இன்னும் தெற்கே வீராணம். முதற் பராந்தக சோழனின் ‘வீரநாராயணன்’ என்னும் சிறப்புப் பெயரே வீரநாராயணன் ஏரி என்றாகி, உழவர் நாவில் தேய்ந்து வீராணம் ஆயிற்று. 2004 முதல் சென்னை மக்கள் குடிக்கும் நீரில் ஒரு பங்கு அங்கிருந்து செல்கின்றது. குழாயைத் திறக்கும் தலைநகரத்தாருள் பத்தாம் நூற்றாண்டுச் சோழனை நினைப்பார் யாவர்? அவ்வேரியை அடுத்த காட்டுமன்னார்கோயில், நாலாயிரப் பனுவல்களைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். அதன் அருகே உள்ள திருநாரையூர், திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி பிறந்த ஊர். சிதறிக் கிடந்த இருபெருந் தமிழ்ப் பாடற் செல்வங்களையும் திரட்டித் தந்த இருவரும் ஒரே ஏரிப் பகுதியின் மக்கள்! இதனைவிடப் பெருமை மிக்க செலவிடம் வேறு யாதுளது? எத்தனைச் சுற்றுலாப் பேருந்துகள் அங்கு நிற்கின்றன?

‘ஓய்வுக்காகச் செல்பவனிடம் பாடம் நடத்த வேண்டுமா? பெயரில் என்ன இருக்கின்றது? காட்சி அழகாயிருந்தால் போதாதா?’ என்று ஒரு சாரார் கேட்பர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. உழைத்துக் களைத்தவனுக்கு ஒருநாள் இளைப்பாறல் வேண்டும். அவன் படகில் மகிழ்ந்து பாடிவிட்டுப் போகட்டும். ஆயின், அழகை மட்டும் அறிந்தவன் அது அழியும்போது வேறோர் அழகைத் தேடிச் செல்வான். உறவை அறிந்தவனே காக்க வருவான். பிச்சாவரத்தின் கதையே இதற்குச் சான்று.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாய் வெட்டும் முறை தொடங்கிற்று. அது பல்லாண்டுகள் நீடித்தது. மரம் போன இடத்தில் மண் உலர்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் கடல்நீர் தேங்கியது. வெயிலில் நீர் வற்ற உப்பு மிகுந்தது. புதிய கன்று எதுவும் அங்கு வேர்கொள்ளவில்லை. மக்கள் ஆடு மாடு மேய்த்ததால்தான் காடு கெட்டது என்று நெடுநாள் பழி சுமத்தப்பட்டது. 1990-களில் எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் கூடி, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, கடலேற்ற நீர் உள்ளே சென்று மீளுமாறு செய்தபின் காடு மீண்டும் தழைத்தது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, மரக்காட்டின் பின்புறம் இருந்த சிற்றூர்கள், திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைந்த இழப்புடன் தப்பின. 2022-இல் அக் காடு உலக ஈரநிலங்களுக்கான இராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. நம் முன்னோர் கோயிலோடு சேர்த்துப் போற்றிய மரத்தின் இனமே நம் மக்களின் உயிரையும் காத்தது. இதனை அறிந்த மாணவன் நெகிழிப் பையைக் கழியில் வீசுவானா? நாளை அக் கழிக்குத் தீங்கு நேர்ந்தால் வாளா இருப்பானா?

நம் இயக்கத்தாருக்கும் ஒரு சொல். பெயர் காத்தல் என்பது பலகையில் எழுத்தை மாற்றுவதோடு முடிவதன்று. 2020 சூனில், 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிப்பிற்கு ஏற்ப எழுதுமாறு தமிழ்நாட்டரசு ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் குறித்துக் குறைகள் எழ, சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. ஆணை வந்தபோது ஆர்ப்பரித்தோம், போனபோது அமைதியானோம். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதற்கு இத்துணைப் பாடுபட்ட நாம், தமிழில் அப் பெயரின் பொருளை நம் பிள்ளைகட்குச் சொல்ல எந்த ஆணைக்குக் காத்திருக்கின்றோம்?

வேண்டுவன மிகப் பெரியன அல்ல. அலையாத்திக் காடுகளின் படகுத்துறைகளில் தில்லை, கண்டல், சுரபுன்னை என மரத்துக்கு மரம் தமிழ்ப்பெயரும் அதன் கதையும் எழுதி வைக்கப்பட வேண்டும். ஊர் எல்லைப் பலகைகளில் பழம்பெயரும் ஒரு வரிப் பொருளும் இடம்பெற வேண்டும். பள்ளிச் செலவுகள் கோயிலில் தொடங்கிக் காட்டில் முடிய வேண்டும். இடையில் ஆசிரியர் அவ்விரண்டையும் இணைத்துச் சொல்ல வேண்டும். துடுப்பு வலிக்கும் பெரியோரை ஏவலாளராக எண்ணாது, ஆசிரியராக மதித்துக் கேட்க வேண்டும். அவர்கள் வாய்மொழியில் உள்ள மரம், மீன், கால்வாய்ப் பெயர்களை இன்றே எழுதிவைக்க வேண்டும். அத் தலைமுறை மறைந்தால் அச் சொற்களும் மறையும்.

அன்பர்களே! அடுத்த முறை தில்லைக்குச் செல்லுங்கால், கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். கிழக்கே இன்னும் 15 கி.மீ. செல்லுங்கள். கழியோரத்தில் சிவந்த இலை உதிர்த்து நிற்கும் அம் மரத்தை உங்கள் பிள்ளைக்குக் காட்டி, ‘இதுதான் தில்லை’ என்று சொல்லுங்கள். தொடாமல் சொல்லுங்கள், அதன் பால் கண்ணைக் கெடுக்கும். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நம் மறதி அதனினும் கொடிது!