வெள்ளை அங்கியின் முதல் வருடம்



நம் தெருவில் ஒரு பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் அன்று மாலையே அப்பிள்ளையின் பெயர் மாறிவிடுகின்றது. பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் போய், ‘டாக்டர்’ என்னும் பெயர் வந்துவிடுகின்றது. முதல் விடுமுறைக்கு வீடு வரும்போதே பக்கத்து வீட்டு மாமி ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுகின்றார். பெரியப்பா தம் சர்க்கரை மாத்திரையை மாற்றலாமா என்று வினவுகின்றார். பிள்ளை விழிக்கின்றது. “இதுகூடத் தெரியாமல் என்ன படிக்கிறாய்?” என்ற கேலியும் உடனே வந்துவிடுகின்றது.

அப்பிள்ளை உண்மையில் எந்த நிலையில் இருக்கின்றது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போமா?

மருத்துவப் பட்டப்படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன் பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவையே பிரதான பாடங்கள். நோய்களைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் முறையாகப் படிப்பது அதற்குப் பின்னரே. முற்காலத்தில் முதலாண்டு மாணவர்கள் நோயாளியின் கட்டிலருகே செல்வதே அரிது. 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் பாடத்திட்டம் மாற்றப்பட்டது. தொடக்கத்திலேயே மாணவர்களை வார்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் அதன்படி வந்தது.

வார்டில் அவர்கள் என்ன செய்கின்றார்கள்? மருந்து எழுதுவதில்லை; ஊசி போடுவதில்லை. பேராசிரியரின் பின்னே நின்று பார்க்கின்றார்கள், கேட்கின்றார்கள். நாடி பார்க்கவும் ரத்த அழுத்தம் அளக்கவும் முதலில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் பழகுகின்றார்கள். ‘நோயாளியாக இருப்பது என்றால் என்ன?’ என்பதே அவர்களுக்கு ஒரு பாடமாக வைக்கப்பட்டுள்ளது. மற்றொரு பாடம், பிணவறை மேசையில் கிடக்கும் உடலைத் தம் முதல் ஆசானாகக் கருதச் சொல்கின்றது.

நோயாளியின் அருகிலேயே மாணவர் கற்கும் முறை நேற்று வந்ததன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மருத்துவ மேதை அல் ராஸியின் சபையில் மாணவர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பார்களாம். வரும் நோயாளி முதலில் வெளி வரிசையில் உள்ளவர்களிடம் தம் குறையைச் சொல்வார். அவர்களுக்கு விளங்காவிடில் அடுத்த வரிசை. அவர்களுக்கும் விளங்காவிடில் ஆசானே பேசுவார். பத்தாம் நூற்றாண்டு அறிஞர் இப்னு நதீம் இச்செய்தியைப் பதிந்து வைத்துள்ளார்.

ஆயினும், மாணவர் வார்டில் நிற்பதற்கு ஒழுங்கு வேண்டும். 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். மாணவர்கள் பயின்ற பிரிவிலேயே தாய்மார்கள் மிகுதியாக இறந்தார்கள். பிணவறையிலிருந்து நேரே வந்த கைகளே காரணம் என்று கண்டுகொண்ட செம்மல்வைஸ், 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூனில் இரண்டளவாகக் குறைந்தது. கை கழுவுதல் முதலாண்டு மாணவர் கற்கும் பெரிய பாடங்களில் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

இனி, வீட்டார் செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, அப்பிள்ளையிடம் மருந்து கேட்காதீர்கள். வெட்கத்தால் அது ஏதேனும் சொல்லிவிட்டால், துன்பம் உங்களுக்கே. இரண்டாவது, “இன்று யாரைப் பார்த்தாய்? என்ன நோய்?” என்று துருவாதீர்கள். வார்டில் கண்டதும் கேட்டதும் நோயாளியின் அமானிதம். அதைக் காக்கப் பழகும் நாவை நாமே அவிழ்த்துவிடலாகாது. மூன்றாவது, சில நாட்களில் அது பேசாமல் வந்து அமரும். பதினெட்டு வயதில் ஒரு மரணத்தை முதன்முதலாக அருகில் நின்று பார்த்திருக்கக்கூடும். அன்று மதிப்பெண் பற்றிப் பேசாதீர்கள். உம்மா சோறு போட்டு, வாப்பா பக்கத்தில் அமர்ந்திருந்தால் போதும். அது தானாகப் பேசும்போது கேளுங்கள்.

நாமே நோயாளியாகப் படுத்திருக்கும்போது மாணவர் கூட்டம் கட்டிலைச் சூழ்ந்தால்? தொடுவதற்கு முன் நம் சம்மதம் கேட்கப்பட வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. பெண்கள் தம்முடன் ஒரு பெண் துணை இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நாணம் மருத்துவத்துக்குத் தடையாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1816இல் பாரிஸில் லென்னக் என்னும் மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கினார். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். இதயத்துடிப்பு முன்னிலும் தெளிவாகக் கேட்டது. இன்று நம் பிள்ளைகள் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் அந்தத் தயக்கத்திலிருந்தே பிறந்தது.

ஆனால் எல்லோரும் மறுத்துவிட்டால் என்னாகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் திறந்தபோது சேர்ந்த நால்வரில் மேரி ஷார்லீப் ஒருவர். ஆண் மருத்துவரிடம் செல்ல மாட்டாத கோஷாப் பெண்கள் மருத்துவமின்றி வாடுவதைக் கண்டே அவர் படிக்க வந்தார். அவர் முயற்சியால் 1885இல் தோன்றியதுதான் நம் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றழைக்கும், திருவல்லிக்கேணியின் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

பிரசவத்துக்குப் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று தேடி அலைகின்றோம். அந்தப் பெண் மருத்துவரும் ஒரு காலத்தில் கை நடுங்க, யாரோ ஒரு தாயின் நாடியைப் பிடித்துக் கற்றவர்தாம். அடுத்த முறை ஒரு முதலாண்டு மாணவி உங்கள் கட்டிலருகே வந்து, “அம்மா, உங்கள் கையைப் பார்க்கலாமா?” என்று பணிவோடு கேட்டால், இயன்றால் கையை நீட்டுங்கள். உங்கள் பேத்திக்கு மருத்துவம் பார்க்கப்போகிறவள் அவளாகவும் இருக்கலாம்.