அமைச்சர் மாறினால் மீள்குடியேற்றமும் மாறுமா?

1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு அகதியாக வந்த முஸ்லிம்களில் ஒருவர் ரிஷாத் பதியுதீன். 2001இல் வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரானார். 2009இல் யுத்தம் முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் தமிழ் மக்கள் அடைபட்டிருந்தபோது, மீள்குடியேற்ற அமைச்சர் அவரே. ஓர் அகதியின் கையில் அகதிகளின் பொறுப்பு!

பின்னர் கைத்தொழில், வர்த்தக அமைச்சு. 2014 டிசம்பரில் மஹிந்தவை விட்டு மைத்திரியின் பக்கம் வந்தார். 2019 ஜூனில் ஏனைய முஸ்லிம் அமைச்சர்களோடு பதவி துறந்தார். மீள்குடியேற்றத்துக்காக அழிக்கப்பட்ட கல்லாறு காட்டை அவரது செலவில் மீண்டும் உருவாக்குமாறு 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது.

அவரைப் புகழ்வதிலும் தூற்றுவதிலும் நாம் ஒன்றை மறந்துவிட்டோம். ஒரு சமூகத்தின் மீள்திரும்புகையை ஒரு மனிதரின் செல்வாக்கில் தொங்கவிட்டோம். செல்வாக்கால் கிடைத்த காணி வழக்கில் சிக்கினால் தவிப்பது அங்கு குடியிருக்கும் குடும்பங்களே.

முல்லைத்தீவு நீராவிப்பிட்டிக்குத் திரும்பும் குடும்பத்துக்கு வேண்டியது சட்டப்படியான காணி உறுதி, வாக்காளர் பதிவு, பிள்ளைகளுக்குப் பாடசாலை. இவை அமைச்சரின் தயவல்ல, பிரஜையின் உரிமை. தமிழர், முஸ்லிம் என்று பாராமல் வன்னியின் எல்லாப் பிரதிநிதிகளிடமும் இதைக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.