டப்பாவில் வரும் வைட்டமினும் என் வீட்டுக் கணக்கும்

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குக் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் இப்போது அரசியலைவிட அதிகம் பேசப்படுவது மாத்திரைதான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அல்ல. "ஆன்டிஆக்ஸிடன்ட் சார்! மூட்டு அழற்சியெல்லாம் போயிடும். பக்கவிளைவே கிடையாது" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டுகிறார்கள். போன வாரம் ஒரு நண்பர் எனக்கும் ஒரு டப்பாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. ஏன் என்று அங்கே நின்று சொல்ல மனம் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

என் மனைவிக்குப் பல வருடமாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. டாக்டர் வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார். உறவுக்காரர் ஒருவர் வந்து, "அது கேன்சருக்குக் கொடுக்கிற மருந்து, ஈரலைக் கெடுத்துடும்" என்று பயமுறுத்தி, வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் என்று வரிசையாக டப்பாக்களை வைத்துவிட்டுப் போனார். ஈரலைப் பாதிக்கலாம் என்பது உண்மைதான். அதற்காகத்தானே டாக்டர் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்? அன்று எனக்கு அது தோன்றவில்லை. 'இயற்கையானது' என்ற ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். மருந்தை நிறுத்தச் சொன்னவன் நான்தான்.

எட்டு மாதத்தில் அவளுடைய வலது கை விரல்கள் கோணிவிட்டன. பழைய மருந்துக்கே திரும்பினோம். வலியும் வீக்கமும் அடங்கின, விரல்கள் நிமிரவில்லை. மார்கழியில் வாசலில் கோலம் போடுவது இப்போது மருமகள்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். அழற்சி உள்ள இடத்தில் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகுவது உண்மை. ஆன்டிஆக்ஸிடன்ட்கள் அவற்றைத் தணிப்பதும் சோதனைக் குழாயில் உண்மை. ஆனால் அடுப்பு எரியும்போது புகையை மட்டும் விசிறிக்கொண்டிருந்தால் தீ அணையுமா? மேலும், நம் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கும் அதே ராடிக்கல்களைத்தான் பயன்படுத்துகின்றன.

"சாப்பிட்டால் கெடுதல் என்ன?" என்பார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வையும் இதே காரணத்தால் 1996-ல் பாதியில் நிறுத்தினார்கள்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அதனால் பிரான்சின் 'சுவிமாக்ஸ்' ஆய்வைப் பிரெஞ்சிலேயே படித்தேன். 13,000 பேருக்கு ஏழரை ஆண்டுகள் குறைந்த அளவில் வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், செலினியம், துத்தநாகம் கொடுத்துப் பார்த்தார்கள். இதய நோய் குறையவில்லை. ஆண்களிடம் மட்டும் புற்றுநோய் குறைந்தது. ஆண்களின் ரத்தத்தில் முதலிலேயே இந்தச் சத்துகள், முக்கியமாக பீட்டா கரோட்டின், குறைவாக இருந்தது காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதாவது இல்லாதவனுக்குக் கொடுத்தால் பலன் உண்டு, இருப்பவனுக்கு மேலும் கொட்டினால் இல்லை.

வைட்டமின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெத்தோட்ரெக்சேட்டின் தொந்தரவுகளைக் குறைக்க என் மனைவிக்கு டாக்டர் கொடுப்பதே ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின்தான். தினமும் வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு இப்படிப்பட்ட நோய்கள் புதிதாக வருவது 22 சதவீதம் குறைந்ததாக 2022-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனால் வராமல் தடுப்பது வேறு, வந்ததைக் குணமாக்குவது வேறு.

ஆகவே என் வயதுக்காரர்களே, நெல்லிக்காயும் கீரையும் கொய்யாவும் நன்றாகச் சாப்பிடுங்கள். டப்பாவைத் திறக்கும் முன் அந்தச் சத்து உங்கள் ரத்தத்தில் குறைவா என்று பரிசோதித்துப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் வைட்டமின் ஈ-யை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் மருந்தை மட்டும் யார் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீர்கள்.

பக்கவிளைவே இல்லை என்று இனியும் யாராவது சொன்னால், அவரை என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். என் மனைவி காபி கொண்டுவந்து கொடுப்பாள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.