ஓசிச் சங்கீதம்

2017-ஆம் வருஷம் சென்னையைச் சங்கீத நகரம் என்று யுனெஸ்கோ ஸ்தாபனம் தன்னுடைய ஜாபிதாவில் சேர்த்துக்கொண்டது. அப்போது நம்மவர்கள் கொண்டாடிய சந்தோஷத்தைப் பார்த்திருந்தால், சென்னைவாசி ஒவ்வொருவனும் காலையில் பல் தேய்க்கும்போதே தோடி ஆலாபனை செய்கிறவன் என்று வெளியூர்க்காரர்கள் எண்ணியிருப்பார்கள். எனக்கும் சந்தோஷந்தான். இந்த ஊரிலே பாட்டுக் கேட்டு அலைகிறவன் நான். ஆனால் அந்தப் பட்டத்தை எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டோம் என்ற கேள்வி எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பாடுகிற சிறுசுகளுக்குக் கூலி கொடுக்காத ஊர் எப்படிச் சங்கீத நகரம் ஆகும்?

கூலி என்றதும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சன்மானம் என்று சொல்ல வேண்டும். சம்பாவனை என்று சொன்னால் இன்னும் சிலாக்கியம். சரி. கைக்கு ஒன்றும் வராதபோது பெயரைப் பற்றி என்ன சண்டை?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிசம்பர் சீசனில் பெரிய சபா ஒன்றில் நாளைக்கு நாலைந்து நிகழ்ச்சிகள் நடக்கும். காலையில் வித்வான்களின் விளக்கப் பேச்சு. பன்னிரண்டு மணிக்கு ஒரு கச்சேரி, இரண்டு மணி வாக்கில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. ராத்திரி ஏழு மணிக்குப் 'பெரிய' கச்சேரி. ஊர் முழுவதும் எல்லாச் சபாக்களையும் சேர்த்தால் ஒரு சீசனில் ஆயிரத்துக்கு மேலே போய்விடும். உலகத்தில் வேறு எங்கே உண்டு என்று மார் தட்டிக்கொள்கிறோமே, அந்தக் கணக்கு. அந்த ஆயிரத்திலே ஒரு பெரும் பங்கு மத்தியானக் கச்சேரிகள். அவற்றுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. அனைவரும் வருக, அனுமதி இலவசம்!

இந்த இலவசத்தை யார் கொடுக்கிறார்கள் என்று நாம் யாரும் யோசிப்பதில்லை. சபா கொடுக்கிறது என்று நினைக்கிறோம். அல்லது மேடைக்குப் பின்னால் துணி கட்டியிருக்கும் பாங்கிக்காரனும் ஜவுளிக்கடைக்காரனும் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறோம். இல்லை, ஐயா. மேடையில் உட்கார்ந்து பாடுகிறதே ஒரு பெண், அதன் தகப்பனார் கொடுக்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், சபாவின் பெயரும் வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். பன்னிரண்டு வருஷம் முறையாகப் பாட்டுச் சொல்லிக்கொண்டவள். குரல் கனமான குரல்; கீழ் ஸ்தாயியில் நின்றால் சபையே அடங்கிப்போகும். தகப்பனார் மின்சார வாரியத்தில் குமாஸ்தா. மூன்று வருஷம் மனுப் போட்டு, நாலாவது வருஷம் ஒரு சபாவில் ஒன்றரை மணிக் கச்சேரி கிடைத்தது. கடிதம் வந்த நாலாம் நாள் டெலிபோன் வந்தது. "சார், ஒரு விளம்பரதாரரைப் பிடித்துக் கொடுத்தால் நன்றாயிருக்கும்; கட்டாயம் ஒன்றுமில்லை" என்றார்களாம். கட்டாயம் இல்லை என்று எந்தக் குரலில் சொன்னால் கட்டாயம் என்று அர்த்தமாகும் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியாதா? தம்முடைய மைத்துனரின் இரும்புக் கடையைப் பிடித்துக் கொடுத்தார்.

பிறகு வயலின்காரர், மிருதங்கக்காரர், கடம். அவர்களும் பிழைக்க வேண்டியவர்களே. அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ரயில் சார்ஜ், தங்குகிற செலவு, பட்டுப்புடவை, வீடியோ எடுக்கிறவன். கச்சேரி முடிந்ததும் பெண்ணுக்கு ஒரு பொன்னாடையும் ஒரு கவரும் கொடுத்தார்கள். கவரில் இருந்தது ஆட்டோவுக்குக் காணவில்லை. அன்றைக்கு நான் போயிருந்தேன். ஹாலில் பதினேழு பேர். அதில் ஆறு பேர் பெண்ணின் வீட்டார். மூன்று பேர் குளிர்சாதனத்தின் சுகத்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணோ கல்யாணி பாடினாள் பாருங்கள்! அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு திக்கில் போய்விடும். ராத்திரிக் கச்சேரிக்கு வந்து பத்தி பத்தியாக எழுதுகிற விமர்சகர்களில் ஒருவராவது அங்கே இருந்திருந்தால் எழுதியிருப்பார். அவர்களுக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம். 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி ஆனந்த விகடனிலே ஆடல் பாடல் எழுதிய காலத்தில், ஒரு வித்வானை நாலு வரி கேலி செய்தால் அவர் மறுகச்சேரிக்கு முன் சாதகம் செய்வாராம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது கேலிக்குக்கூட வழியில்லை.

இதைப் பற்றி ஒரு காரியதரிசியிடம் நேரே கேட்டேன். நல்ல மனிதர். சம்பளம் இல்லாமல் சபாவுக்காக முப்பது வருஷமாக உழைக்கிறவர். அவர் சொன்ன பதில்: "சான்ஸ் கொடுக்கிறோமே ஸார், அது போதாதா? சின்ன வயசு. அனுபவப்படட்டும்!"

அவர் இதைச் சொன்ன இடம் சபாவின் காண்டீன். அங்கே அடை அவியலுக்குப் பணம் கொடுத்துச் சீட்டு வாங்க இருபது பேர் வரிசையில் நின்றார்கள். அடுப்படியில் வேலை செய்கிற பையன்களுக்கும் இருபது, இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். "பையன் சின்னவன், கை பழகட்டும், தோசையை ஓசியில் போடச் சொல்லுங்கள்" என்று அந்த வரிசையில் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் காரியதரிசியே ஆளைப் பிடித்து வெளியே அனுப்பியிருப்பார். தோசைக்கு உள்ள மரியாதை கல்யாணிக்கு இல்லை.

"கலையை விலை பேசலாமா?" என்று கேட்கிற ஒரு கோஷ்டி உண்டு. இவர்களுக்கு மார்கழியின் புனிதம் என்றால் கண்ணில் நீர் வந்துவிடும். மார்கழி புனிதமான மாதம்தான். மயிலாப்பூர் மாட வீதிகளில் விடியற்காலம் பாபநாசம் சிவன் பஜனை செய்துகொண்டு போனது புனிதமான காரியம். அதற்கு டிக்கெட் போட எவனும் சொல்ல மாட்டான். ஆனால் சபாக் கச்சேரி மார்கழியில் வந்தது எப்படி? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாநாடு கூடிற்று. கூடவே ஒரு சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பலனாக மறு வருஷம் மியூசிக் அகாடமி பிறந்தது. காங்கிரஸ் ஏன் டிசம்பரில் கூடிற்று? கிறிஸ்துமஸ் விடுமுறை. கோர்ட்டும் கச்சேரியும் மூடியிருக்கும். வக்கீல்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் ஒழிவு. நம்முடைய சீசன், ஆண்டாளுக்கு எவ்வளவு கடன்பட்டதோ அதற்குக் குறையாமல் வெள்ளைக்காரனின் காலண்டருக்கும் கடன்பட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாட்டைச் சௌகரியத்துக்காக மாற்றவும் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

டிக்கெட் என்பதும் இழிவான சரக்கு அல்ல. ராஜாவும் ஜமீன்தாரும் கொடுத்த காலத்தில் வித்வான் அரண்மனை வாசலில் காத்துக் கிடந்தான். மனசு வந்தால் தோடா, வராவிட்டால் வெறுங்கை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபை போன்ற பழைய சபாக்கள் அந்த வாசலிலிருந்து வித்வானை விடுவித்தன. பள்ளிக்கூட வாத்தியாரும் ஆபீஸ் குமாஸ்தாவும் தங்கள் சம்பளத்திலிருந்து சந்தா கொடுத்தார்கள். நூறு பேர் சேர்ந்து ஒரு ஜமீன்தார் ஆனார்கள். என் அபிப்பிராயத்தில் இந்த ஊர் சங்கீதத்துக்குச் செய்த தொண்டுகளில் இதைவிடப் பெரியது வேறு இல்லை. அப்பேர்ப்பட்ட சபாவின் மத்தியான மேடையில் இன்றைக்குப் பாடுகிற பெண் பழைய வித்வானைவிடக் கேவலமான நிலையில் இருக்கிறாள். அவனாவது வெறுங்கையோடு திரும்பினான். இவள் கையிலிருந்து கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள்.

சபா நாகரிகம் தெரியாதவர்கள் என்று நாம் எண்ணுகிற இடங்களில் நிலைமை என்ன? கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரருக்கு அச்சாரம் கொடுக்காமல் முகூர்த்தப் பத்திரிகை அடிப்பார்களா? வியாசர்பாடியில், ராயபுரத்தில் சாவு வீட்டில் ராத்திரி முழுவதும் கண் விழித்துக் கானாப் பாட்டுப் பாடுகிறவனுக்கு விடிவதற்குள் பேசிய தொகை கைக்கு வந்துவிடும். பிணத்தை எடுக்கிற வீட்டில், அந்தத் துக்கத்திலும், கலைஞனுடைய வயிற்றை நினைக்கிறார்கள். வடசென்னைக்காரனைப் பார்த்து மயிலாப்பூர் கற்றுக்கொள்ளவேண்டிய சங்கீத தர்மம் இது. (அந்த நாகஸ்வரத்தையே எத்தனையோ சபாக்கள் திறப்பு விழா அன்று நாற்காலி போடுகிற சத்தத்துக்கும் மந்திரி வருகிற சத்தத்துக்கும் நடுவில் மங்கள இசை என்று ஊதச் சொல்கின்றன. அது தனிப் பாவம். வேறொரு நாள் எழுதுகிறேன்.)

"அப்படியானால் இலவசக் கச்சேரியே கூடாதா? 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர்கள் நடுவில், கடற்கரையில் விழா நடத்தினார்களே, அது டிக்கெட் போட்டா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். அதற்கு நானும் போனேன். கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில், ஜனங்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். நன்றாயிருந்தது. 2007-இல் சென்னை சங்கமம் வந்தபோது பூங்காவிலும் வீதியிலும் கரகமும் ஒயிலும் பார்க்க யாரும் காசு கேட்கவில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மைக் இல்லாமல் குழந்தைகள் பாடுகிற கச்சேரிகள் நடந்திருக்கின்றன. அதைவிட இனிமையான காலை கிடைப்பது அரிது. நான் இவற்றுக்கு விரோதி அல்ல. கேட்கிறவனுக்கு இலவசமாய் இருக்கட்டும். ஒருவன் தெரிந்து, மனசார, தன் பாட்டை ஊருக்குத் தானம் செய்தால் அவன் காலில் விழலாம். பாடுகிறவளிடம் வசூல் செய்து கேட்கிறவனுக்குத் தானம் செய்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

மறுக்கலாமே, யார் தடுத்தார்கள் என்கிறீர்களா? 2015-இல் டி. எம். கிருஷ்ணா இனி டிசம்பர் சீசனில் பாடுவதில்லை என்று அறிவித்தார். ஊரில் பாதிப் பேர் வைதார்கள், பாதிப் பேர் கொண்டாடினார்கள். அது பெரிய வித்வானின் காரியம், ஊர் திரும்பிப் பார்த்தது. ஒன்றரை மணிப் பெண் "நான் பாடுவதில்லை" என்றால் யாருக்குத் தெரியும்? காரியதரிசியின் மேஜையில் அடுத்த மனு இருக்கிறது. அவ்வளவுதான்.

நம் ஊரில் சங்கீதத்துக்காகச் சண்டை போடுவதற்கு ஆள் பஞ்சம் இல்லை. 1943-இல் தமிழிசைச் சங்கம் பிறந்தபோது எந்தப் பாஷையில் பாடுவது என்பதில் ஊர் இரண்டுபட்டது. யார் பாடலாம், யாருடைய பாட்டு மேடை ஏறலாம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, ஓயவும் கூடாது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியதே அந்தச் சண்டையின் ஒரு நல்ல விளைவு. ஆனால் எந்தப் பாஷையில் பாடினாலும் பாடுகிறவருக்கு வயிறு ஒன்று உண்டே, அதைப் பற்றி ஒரு சண்டையையும் காணோம்.

டிக்கெட் போட்டால் ஒருவனும் வர மாட்டான் என்பது காரியதரிசிகளின் கடைசி அஸ்திரம். இப்போது மட்டும் யார் வருகிறார்கள்? பதினேழு பேரில் தூங்கினவர்களைக் கழித்துக்கொள்ளுங்கள். தவிர, நம்மவர்கள் பணம் கொடுக்க மாட்டார்கள் என்பதே பொய். 2020-இல் கொரோனாவினால் அரங்குகள் மூடிக் கிடந்தபோது கச்சேரிகள் இணையத்தில் வந்தன. வீட்டுக்குள் உட்கார்ந்து, சின்னத் திரையில், பணம் கட்டிக் கேட்டார்கள். கேட்டால் கொடுக்கிற ஜனங்கள் இவர்கள். யாரும் கேட்கவில்லை, ஆகவே கொடுக்கவில்லை.

ஆகவே நான் சொல்கிற ஏற்பாடு இது. மத்தியானக் கச்சேரிக்குக் காப்பியும் இரண்டு வடையும் விற்கிற விலையில் ஒரு டிக்கெட் போடுங்கள். குளிர்சாதனத்துக்கும் விளக்குக்கும் பாங்கிக்காரன் ஏற்கெனவே கொடுத்துவிட்டான். அதற்கென்று இதில் கை வைக்கவேண்டாம். வசூல் முழுவதும் மேடையில் உட்கார்ந்த மூன்று நாலு பேருக்கு, அன்று சாயங்காலத்துக்குள். விளம்பரதாரரைப் பிடித்துக் கொடு என்று பாடுகிறவர் வீட்டுக்கு டெலிபோன் செய்வதில்லை என்று கமிட்டியில் ஒரு தீர்மானம். சபா வாசல் பலகையில் சாக்கட்டியால் எழுதிப் போடுங்கள்: இன்று மத்தியானம் இத்தனை டிக்கெட், இத்தனை ரூபாய், பாட்டு இத்தனை, வயலின் இத்தனை, மிருதங்கம் இத்தனை. முதல் நாள் ஏழு டிக்கெட்தான் விற்கும். ஏழு என்றே எழுதுங்கள். பிப்ரவரியிலும் ஆடியிலும், நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும், சின்னச் சபாக்களும் இதையே செய்யலாம். அங்கே பாடுகிறவர்களும் இதே பெண்கள்தாம், இதே பிள்ளைகள்தாம்.

இதைக் கடிதமாகவே எழுதி இரண்டு சபாக்களுக்கு அனுப்பினேன். ஒரு சபாவிலிருந்து பதில் இல்லை. மற்றொன்றின் காரியதரிசி, கமிட்டியில் வைத்துத் தெரிவிப்பதாக மரியாதையாக எழுதியிருந்தார். அது போன பங்குனியில்.