குடும்ப மருத்துவர்களைத் திருத்தணியிலேயே பயிற்றுவிக்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

ஆரம்ப சுகாதார நிலையப் பணியை ஆயுள் முழுதுக்குமான தொழிலாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர்கள் உருவாக வேண்டும். அவர்களுக்கான பயிற்சியின் பெரும்பகுதி திருத்தணி போன்ற ஊர்களில் நடக்க வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

இன்று நடப்பது தெரிந்ததே. எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர் தேர்வு வாரியம் வழியாக உதவி மருத்துவராக வருகிறார். பகலில் ஓ.பி., இரவில் முதுநிலை நீட் புத்தகம். இடம் கிடைத்ததும் எலும்பு, தோல், கதிரியக்கம் என்று ஏதோ ஒரு துறைக்குக் கிளம்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். முன்னேற வேறு வழி அவருக்கு இல்லை. முதுநிலை இடங்களில் அரசு மருத்துவர்களுக்கான 50 விழுக்காடு ஒதுக்கீடு போராடிப் பெற்றது. 2017-இல் அது ஆட்டம் கண்டது. இப்படி ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதைக் கைவிடச் சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் கிராமத்துக்கு டாக்டரைக் கூட்டிவரும் ஒதுக்கீடுதான் அவரைத் திரும்பக் கூட்டிப்போகவும் செய்கிறது. எனவே அதற்குள்ளேயே குடும்ப மருத்துவ எம்.டி.க்குக் கணிசமான இடங்கள் வேண்டும்.

"சளி, காய்ச்சல் பார்க்க எம்.டி. எதற்கு?" என்று கேட்பவர்கள் ஆடிக் கிருத்திகையன்று சரவணப் பொய்கைப் பக்கம் வந்து பார்க்கலாம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விரதமென்று சாப்பிடாமல், காவடியோடு 365 படி ஏறும் ஒருவர் வியர்த்துச் சாய்கிறார். வெயிலா, மாரடைப்பா, சர்க்கரை இறங்கிவிட்டதா? விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் சர்க்கரை விஷயம் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய வைத்தியம், போன மாதம் மாத்திரை வாங்க வந்தபோதே "கிருத்திகைக்கு விரதம் இருப்பீங்களா?" என்று கேட்டு அளவைக் குறைத்துக் கொடுப்பது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் நாள் முழுக்க விசைத்தறியில் நிற்பவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பதும், நகரியிலிருந்து வருபவரிடம் தெலுங்கில் விசாரிப்பதும் இதே ரகம். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் இவை படியாது.

யோசனை பழசுதான். மக்களோடு இருந்து நோயைத் தடுக்கும் மருத்துவர் வேண்டும் என்று 1946-லேயே போர் (Bhore) குழு சொன்னது. குடும்ப மருத்துவத்தைப் பரவலாக்க 2017 தேசிய சுகாதாரக் கொள்கையும் பேசியது. பிரிட்டனில் குடும்ப மருத்துவராக மூன்றாண்டுத் தனிப் பயிற்சி. இங்கே பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற இப்போதைய ஏற்பாட்டை வரவேற்கிறோம். ஆனால் அது பெரிய ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. அங்கே குடும்ப மருத்துவத் துறை வலுவாக அமைய வேண்டும். மாணவர்கள் திருத்தணி அரசு மருத்துவமனையிலும் சுற்றியுள்ள சுகாதார நிலையங்களிலும் பயில வேண்டும். ஒரே நிலையத்தில், அதே குடும்பங்களை, குறைந்தது ஓராண்டாவது தொடர்ந்து பார்க்க வேண்டும். நெடுங்காலம் வட்டாரத்தில் உழைத்த மருத்துவ அலுவலர்களுக்கு ஆசிரியர் தகுதி வழங்க விதிகள் இடம் தர வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்கு டெல்லியின் அனுமதி தேவை, நாளாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டே நிபுணருக்கு நிகரான சம்பளமும் பதவி உயர்வும் பெறும் வழியை மாநில அரசே வகுக்கலாம். அதை முதலில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.